யாரிடம் சொல்வது? வளரிளம் பருவத்தினரின் மனநெருக்கடியும் பள்ளி ஆய்வுகள் காட்டும் வழியும்

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. இந்தக் கணக்கு வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் சில நாள்கள் பேச்சு நடக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் தாங்கும் மனசு இல்லை என்பார்கள் ஒரு சாரார். மதிப்பெண் வெறிதான் காரணம் என்பார்கள் இன்னொரு சாரார். இரு தரப்பும் கடைசியில் ஒரே பரிந்துரையில் வந்து நிற்பார்கள்: பள்ளியில் மனநல வகுப்பு வைக்க வேண்டும், சமாளிக்கும் திறனைப் பாடமாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

நியாயமாகத் தோன்றும் இந்தப் பரிந்துரை வெறும் கருத்தாக நின்றுவிடவில்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவின் பத்து நாடுகளிலும் பீகாரிலும் டெல்லியிலும் ஆயிரக்கணக்கான மாணவர்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து, முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. சில இடங்களில் பலன் ஏதும் இல்லை. ஓரிடத்தில் சிறு தீங்குகூட நேர்ந்தது. வேறு சில இடங்களில் எதிர்பாராத அளவுக்கு நன்மை விளைந்தது. நன்மை விளைந்த இடங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்பதைவிடப் பிள்ளைக்கு முன்னால் யார் வந்து உட்கார்ந்தார்கள், அவரிடம் பேச முடிந்ததா என்பதே அதிகம் கணக்கில் வருகிறது. இக்கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

நோய் தொடங்கும் வயது

உலகெங்கும் 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு மனநலக் கோளாற்றுடன் வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 7.3 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை தேவைப்படும் பாதிப்பு இருப்பதாகக் கண்டது. வாழ்நாளில் வரக்கூடிய மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்று 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. நாற்பது வயதில் மருத்துவரிடம் வந்து சேரும் மனச்சோர்வின் வேர் பல நேரம் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறது.

இந்த வயதில் மூளை சமச்சீராக வளர்வதில்லை. உணர்ச்சியையும் ஆர்வத்தையும் கிளர்த்தும் பகுதிகள் முன்னதாகவே வேகம் எடுத்துவிடுகின்றன. நிதானித்து எடைபோடும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. சக வயதினரின் ஏற்பும் ஏளனமும் வேறெந்த வயதையும்விட இப்போது ஆழமாகத் தைக்கின்றன. வகுப்பில் நான்கு பேர் சிரித்தது அன்றைய உலகமே இடிந்ததுபோல் தெரிவது நடிப்பல்ல.

பெரியவர்கள் இதைத் தவறவிடுவதற்கு ஒரு காரணம், வளரிளம் பருவத்து மனச்சோர்வு எப்போதும் சோகமாக வெளிப்படாது என்பது. எரிச்சலாக, எதிர்த்துப் பேசுவதாக, கதவைச் சாத்திக்கொள்வதாக அது வரும். காலையில் பள்ளி கிளம்பும் நேரத்தில் வயிற்று வலியாக, தலைவலியாக வரும். குடும்ப மருத்துவரிடம் ஸ்கேன்வரை எடுத்து, ஒன்றுமில்லை என்று திரும்பிய பிறகு, 'ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கிறான்' என்ற முடிவுக்கு வீடு வந்துவிடும். எல்லா வாட்டமும் நோயல்ல என்பதும் உண்மை. தேர்வு சரியில்லை என்று மூன்று நாள் முகம் தொங்கிப் பின் தெளிவது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேலாக நீடித்து, தூக்கம், சாப்பாடு, படிப்பு, நட்பு ஆகியவற்றில் சிலவற்றையாவது குலைத்தால் அது கவனிக்கப்பட வேண்டியது.

சமாளிப்பதில் நல்லதும் கெட்டதும்

மன அழுத்தத்தை மனிதர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதற்கு ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1984இல் ஒரு சட்டகம் தந்தார்கள். ஒன்று சிக்கலையே கையாள்வது. மற்றொன்று சிக்கல் எழுப்பும் உணர்ச்சியைக் கையாள்வது. மாற்ற முடிந்ததை மாற்ற முயல்வதும், மாற்ற முடியாததன் வலியைத் தாங்கப் பழகுவதும் நல்லது. இடம் மாறினால் கேடு. கணக்குப் பாடம் புரியாத பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுப்பதும், தாயை இழந்த பிள்ளையிடம் 'அடுத்து என்ன செய்யப் போற, திட்டம் போடு' என்பதும் அப்படி இடம் மாறியவைதான்.

மனம் திறந்து பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையையும் ஆய்வுகள் சற்றுத் திருத்தியிருக்கின்றன. ஒரே துயரத்தை மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருப்பது மனச்சோர்வை ஆழப்படுத்தி நீட்டிக்கிறது என்று சூசன் நோலன் ஹோக்ஸிமா பல ஆண்டுகள் ஆராய்ந்து நிறுவினார். இதைத் தோழிகள் இருவர் சேர்ந்து செய்தால் என்ன ஆகும் என்று அமாண்டா ரோஸ் 2002இல் கேட்டார். ஒரே பிரச்சினையை மணிக்கணக்காகப் பேசிப் பேசிக் கிளறும் நண்பர்களுக்கு நட்பு இறுகுகிறது. கூடவே சோர்வும் பதற்றமும் கூடுகின்றன. நள்ளிரவுவரை நீளும் வாட்ஸ்அப் உரையாடல்கள் பலவற்றுக்கு இந்த இரட்டைத் தன்மை உண்டு. எனவே பேச்சு நல்லதா என்று கேட்பதைவிட, பேச்சு எங்காவது போய்ச் சேர்கிறதா என்று கேட்பதே பொருத்தம். அடுத்து செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்திலோ, பாரம் இறங்கிய உணர்விலோ முடியும் பேச்சு உதவுகிறது.

தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதும் பல பிள்ளைகளுக்குச் சமாளிக்கும் முயற்சியாகவே தொடங்குகிறது. தாங்க முடியாத உணர்ச்சியைச் சற்று நேரம் அடக்கும் வழி அவர்களுக்கு அது. சாகும் எண்ணம் இல்லாமலும் நிகழும், ஆனால் பின்னாளைய தற்கொலை ஆபத்தை உயர்த்தும். அதைக் கண்டுபிடித்த பெற்றோர் அடித்தோ, சத்தியம் வாங்கியோ நிறுத்தப் பார்த்தால் பழக்கம் மறைவிடத்துக்குப் போகுமே தவிர நிற்பது அரிது. அந்தப் பழக்கம் செய்துவந்த வேலையைச் செய்ய வேறொரு வழி கிடைக்க வேண்டும். அதற்கென வளர்ந்த சிகிச்சை முறையும் உண்டு. மார்ஷா லைனஹன் உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சையை வளரிளம் பருவத்தினருக்கு ஏற்ப மாற்றி, நார்வேயில் 77 பேரிடம் சோதித்த ஆய்வு 2014இல் வெளியானது. 19 வாரச் சிகிச்சையில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இச்சிகிச்சை பெற்றவர்களிடம் சுயகாயம் குறைந்தது.

வகுப்பு முழுவதற்கும் ஒரே மருந்து

தேவைப்பட்டவர்களுக்கு உதவிய அந்தச் சிகிச்சை கற்றுத்தரும் திறன்களை எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே கற்றுக்கொடுத்துவிட்டால் என்ன? கேள்வி நியாயமானது. ஆஸ்திரேலியாவில் அதே சிகிச்சையின் திறன்களை எட்டு வாரப் பாடமாகச் சுருக்கி, ஆயிரத்துக்கும் சற்று மேற்பட்ட பதின்பருவ மாணவர்களிடம் சோதித்தார்கள். 2023இல் வெளியான முடிவு ஆய்வாளர்களையே திகைக்கவைத்தது. பயிற்சி பெற்றவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் சற்றுக் கூடியிருந்தன. பெற்றோருடனான உறவு சற்று மோசமாகியிருந்தது. வீட்டில் பயிற்சியைத் தொடர்ந்து செய்த சிலருக்கு நிலைமை மேலாக இருந்தது, ஆனால் பெரும்பாலோர் அதைத் தொடவே இல்லை.

இதற்கு முந்தைய ஆண்டு பிரிட்டனில் மிரியட் என்ற பெரும் ஆய்வின் முடிவு வந்தது. 85 பள்ளிகள், 11 முதல் 13 வயதுள்ள எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். ஆசிரியர்களுக்கே மனக்குவிப்புத் தியானத்தில் பயிற்சி தந்து, அவர்களைக் கொண்டே வகுப்பு நடத்தினார்கள். வழக்கமான பாடத்தைவிட இதனால் கூடுதல் பலன் கிடைத்ததற்குச் சான்று இல்லை. இங்கும் பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் பயிற்சி செய்யவில்லை.

தியானம் பொய் என்றோ, திறன்கள் வீண் என்றோ இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பசி இல்லாதவனுக்கு ஊட்டினால் உடம்பில் ஒட்டாது என்பதுதான் இங்கே நடந்தது. லூசி ஃபோக்ஸ், ஜாக் ஆண்ட்ரூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2023இல் இன்னொரு ஐயத்தையும் முன்வைத்தார்கள். இயல்பான வாட்டத்தைக்கூட நோயாகப் பார்க்கவும், ஓயாமல் தன் மனத்தையே கவனித்துக்கொண்டிருக்கவும் விழிப்புணர்வுப் பிரச்சாரங்கள் சில பிள்ளைகளைப் பழக்கிவிடுகின்றனவோ என்பது அது. இது இன்னும் நிறுவப்படாத கருதுகோள்தான். ஆனால் பள்ளி ஆண்டுவிழாவுக்கு முன் ஒரு மணி நேரத் தன்னம்பிக்கைச் சொற்பொழிவு வைத்துவிட்டு, மனநலப் பணி முடிந்தது என்று பதிவேட்டில் எழுதும் நிர்வாகங்கள் யோசிக்க வேண்டிய கருதுகோள்.

நாளந்தாவில் நடந்தது

இனி பலன் கிடைத்த இடத்துக்கு வருவோம். பீகாரின் நாளந்தா மாவட்டம். செழிப்பான ஊர்கள் அல்ல, பள்ளிகளும் வசதி மிக்கவை அல்ல. கோவாவில் 1996இல் தொடங்கப்பட்ட சங்காத் அமைப்பு, விக்ரம் படேல் உள்ளிட்ட ஆய்வாளர்களுடன் இங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளிகளில் செஹர் என்ற திட்டத்தைச் சோதித்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை மையமாகக் கொண்டு 74 பள்ளிகளில் நடந்த இந்த ஆய்வின் முடிவு 2018 இறுதியில் லான்செட் இதழில் வெளியானது.

பள்ளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவில் வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அவர் மனநல மருத்துவரும் அல்லர், உளவியல் படித்தவரும் அல்லர். பட்டம் முடித்து, இந்த வேலைக்கென்று பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர். இரண்டாம் பிரிவில் அதே வேலையை, அதே பயிற்சியுடன், அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் கூடுதல் பொறுப்பாக ஏற்றார். மூன்றாம் பிரிவில் அரசின் வழக்கமான வளரிளம் பருவக் கல்வி மட்டும்.

வேலை மூன்று அடுக்காக அமைந்தது. பள்ளி முழுவதற்குமானது: மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் இடம்பெறும் குழு, பிரார்த்தனைக் கூட்டத்தில் மாதம் ஒரு பொருள் பற்றிய பேச்சு, சுவரிதழ், பெயர் போடாமல்கூடக் குறையை எழுதிப் போட ஒரு பெட்டி. குழுவுக்கானது: சகமாணவர் குழுக்கள், பயிலரங்குகள். தனிநபருக்கானது: சிக்கலோடு வரும் மாணவருடன் தனியே அமர்ந்து ஆலோசனை. மனநலம் தனிப் பாடமாக இல்லை. படிக்கும் முறை, வம்பிழுத்தல், பாலினச் சமத்துவம், வன்முறை, போதை என்று பள்ளி வாழ்க்கையே பொருளாக இருந்தது.

எட்டு மாதங்களுக்குப் பின் அளந்தபோது, ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் பற்றிய மாணவர்களின் மதிப்பீடு பெரிதும் உயர்ந்திருந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகளில் 0.8 என்ற விளைவு அளவையே பெரியது என்பார்கள். இங்கே அது 1.88. மனச்சோர்வு அறிகுறிகள், வம்பிழுத்தல், வன்முறைக்கு ஆளாவது, வன்முறையில் ஈடுபடுவது எல்லாம் குறைந்திருந்தன. ஆசிரியரே நடத்திய பள்ளிகளில், திட்டமே இல்லாத பள்ளிகளோடு ஒப்பிட, குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. அடுத்த ஆண்டும் இந்த இடைவெளி நீடித்ததை 2020இல் வெளியான தொடராய்வு உறுதிப்படுத்தியது.

கையேடு ஒன்று, பயிற்சி ஒன்று, மாவட்டம் ஒன்று. மாறியது ஆள் மட்டும்தான். அதனால் ஏன் இவ்வளவு வேறுபாடு? ஆசிரியருக்கு நேரம் இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும் காரணம். பாடம், விடைத்தாள், தேர்தல் பணி, கணக்கெடுப்பு ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்தால் முதலில் உதிர்வது இதுதான். இதைவிட ஆழமான காரணம் ஒன்றும் இருக்கலாம். மதிப்பெண் போடுபவரிடம், பெற்றோரை அழைத்துவரச் சொல்லும் அதிகாரம் உள்ளவரிடம், நாளை காலை வகுப்பில் அத்தனை பேர் முன் எழுப்பிக் கேள்வி கேட்கப் போகிறவரிடம் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை என்னவெல்லாம் சொல்லும்? நல்ல ஆசிரியராக இருப்பதும் இந்தச் சிக்கலைத் தீர்க்காது. சிக்கல் அவர் குணத்தில் இல்லை, அவர் இருக்கும் இடத்தில் இருக்கிறது.

நாளந்தா தனி உதாரணம் அல்ல. ஐரோப்பாவின் பத்து நாடுகளில் 168 பள்ளிகளைச் சேர்ந்த 11,110 மாணவர்களிடம் நடந்த சேய்ல் ஆய்வு 2015இல் வெளியானது. ஒரு பிரிவில், தற்கொலை எண்ணத்தின் அறிகுறிகளைக் கண்டறியும்படி பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். இன்னொரு பிரிவில், வெளியிலிருந்து வந்த பயிற்றுநர்கள் மாணவர்களோடு மொத்தம் ஐந்து மணி நேரம் செலவிட்டார்கள். அதில் பெரும்பகுதி, மாணவர்கள் தங்கள் வாழ்க்கைச் சிக்கல்களைத் தாங்களே நடித்துக்காட்டி விவாதித்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, ஒப்பீட்டுப் பிரிவில் 1.51 விழுக்காட்டினர் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். நடித்து விவாதித்த பிரிவில் அது 0.70 விழுக்காடு. ஆசிரியர் பயிற்சிப் பிரிவில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. இதுவும் வகுப்பு முழுவதற்குமான திட்டம்தான், ஆனால் ஆஸ்திரேலியப் பாடத்தைப் போல் தோற்கவில்லை. இங்கே தயாரித்த விடைகளை யாரும் பாடமாக ஒப்புவிக்கவில்லை, பிள்ளைகள் பேசினார்கள், பெரியவர்கள் கேட்டார்கள் என்பதை ஒரு விளக்கமாகக் கொள்ளலாம்.

சிக்கல், வழி, செய்துபார்

தனி ஆலோசனையில் என்னதான் நடக்க வேண்டும்? டெல்லி அரசுப் பள்ளிகளில் பிரைட் என்ற திட்டம் இதற்கு எளிய விடை தந்தது. ஆலோசகர் அங்கும் மனநல நிபுணர் அல்லர். மூன்று வாரங்களில் நான்கைந்து சந்திப்புகள், ஒவ்வொன்றும் ஒரு பாடவேளைக்குள் முடிவது. படக்கதை வடிவில் ஒரு சிறு நூல். மூன்று படிகள்: எது உன்னை வாட்டுகிறது என்று தெளிவாகச் சொல், அதற்குச் செய்யக்கூடிய வழிகளை எல்லாம் பட்டியலிடு, ஒன்றைத் தேர்ந்து செய்துபார், என்ன ஆயிற்று என்று அடுத்த சந்திப்பில் பேசுவோம். சுமார் 250 மாணவர்களிடம் நடந்த ஆய்வில், நூலை மட்டும் பெற்றவர்களைவிட ஆலோசகரையும் சந்தித்தவர்களின் சிக்கல்கள் கூடுதலாகக் குறைந்தன. ஆலோசகர் வகுப்புக்கே போய்த் தன் வேலை என்ன என்று விளக்கிய இடங்களில் உதவி தேடி வந்தவர்கள் பல மடங்கு பெருகினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரும் அனுப்பாமல் தாமாக வந்தவர்கள். பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள் என்ற நம் புகாருக்கு இது ஒரு பதில்.

நம் ஊர் நிலைமையில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். பத்தாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்து, பதினொன்றாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறிய ஒரு மாணவனை எண்ணிக்கொள்வோம். இயற்பியல் வகுப்பில் ஒன்றும் புரிவதில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்ற பயம். காலையில் வயிற்று வலி. 'எனக்குப் படிப்பே வராது' என்பது அவன் சொல்லும் வடிவம். 'இயற்பியல் பாடத்தில் ஆங்கிலக் கலைச்சொற்கள் புரியவில்லை' என்பது கையாளக்கூடிய வடிவம். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு வர அவனுக்கு ஒருவர் துணை வேண்டும். வந்துவிட்டால் வழிகள் தெரியத் தொடங்கும்: தமிழ் வழிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் படிப்பது, ஒரு நண்பனிடம் கேட்பது, ஆசிரியரை வகுப்புக்கு வெளியே சந்திப்பது, தேவையானால் வழியையே மாற்றிக்கொள்வது. சிக்கல் சின்னதாகத் தெரிகிறதே என்று தோன்றலாம். டெல்லி ஆலோசகர்களிடம் பிள்ளைகள் கொண்டுவந்தவையும் பெரும்பாலும் படிப்பு, நண்பர்கள், வீடு ஆகியவை பற்றியவைதான்.

வீட்டில் செய்யக்கூடியது

தண்டிக்கும் அதிகாரம் இல்லாத பெரியவர் ஒருவர் வேண்டும் என்ற தேவை வீட்டுக்கும் பொருந்தும். கூட்டுக் குடும்பத்தில் அந்த இடம் அத்தைக்கோ, சித்திக்கோ, மாமாவுக்கோ, திண்ணைத் தாத்தாவுக்கோ இயல்பாக அமைந்தது. அப்பாவிடம் சொல்ல முடியாததை மாமாவிடம் சொல்லலாம். எல்லாக் கூட்டுக் குடும்பமும் அப்படி இருந்ததில்லை. பிள்ளையை வாயடைக்கச் செய்ததும் அதே குடும்பம்தான். ஆயினும் இரண்டு அறை வீட்டில் பெற்றோரும் பிள்ளையும் மட்டும் இருக்கையில், கேட்பவரும் கண்டிப்பவரும் ஒருவரே ஆகிவிடுகிறார்கள். பிள்ளை நம்பும் உறவினரோ குடும்ப நண்பரோ ஒருவர் இருந்தால், அவரோடு பேசுவதைச் சந்தேகத்தோடு பார்க்காமல் இருப்பதே பெற்றோர் செய்யும் பெரிய உதவி.

பெற்றோரே கேட்கும்போது, நேருக்கு நேர் உட்காரவைத்து விசாரிப்பதைவிட வண்டியில் போகும்போதோ, காய் நறுக்கும்போதோ பேச்சு எளிதில் வரும். 'உனக்கென்ன குறை, நாங்க பட்ட கஷ்டம் தெரியுமா' என்ற வாக்கியம் பேச்சை அங்கேயே முடித்துவிடும். பிள்ளை சொல்வதை முழுதாகக் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லி, 'நான் என்ன செய்தா உனக்கு உதவியா இருக்கும்?' என்று கேட்பது, நாம் உடனே நீட்டும் அறிவுரையைவிடப் பயன்படும். சொன்னதைச் சித்தப்பாவிடமும் பக்கத்து வீட்டிலும் பகிராமல் இருப்பது அடுத்த முறையும் சொல்வதற்கான உத்தரவாதம். உயிராபத்து தெரிந்தால் மட்டும் இரகசியம் காக்க முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

செல்பேசி பற்றிய சண்டை பல வீடுகளில் மற்ற எல்லாப் பேச்சையும் விழுங்கிவிடுகிறது. ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி இருவரும் 2019இல் லட்சக்கணக்கான பதின்பருவத்தினரின் தரவுகளை அலசியபோது, அவர்களின் நலவாழ்வில் காணும் வேறுபாட்டில் மின்னணுக் கருவிப் பயன்பாடு விளக்குவது அதிகபட்சம் 0.4 விழுக்காடுதான் என்று கண்டார்கள். சராசரிக் கணக்கு இது. இணைய மிரட்டலுக்கு ஆளான பிள்ளைக்கு இது ஆறுதல் தராது. ஆனால் கருவியைப் பிடுங்குவதை மனநலத் திட்டமாக நினைக்க இதில் ஆதாரம் இல்லை. செல்பேசி திருடும் தூக்கம் வேறு விஷயம், அதற்காக இரவில் அதைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கலாம். 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. உடலின் கடிகாரமே இந்த வயதில் தாமதமாக ஓடுகிறது, சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியபோது, மாணவர்கள் கூடுதலாக 34 நிமிடம் தூங்கினார்கள். விடியற்காலை டியூஷன், பள்ளிக்கு முன் ஸ்பெஷல் கிளாஸ், இரவு மீண்டும் டியூஷன் என்று நாம் வகுத்திருக்கும் கால அட்டவணையில் தூக்கத்தைத் திருடுவது செல்பேசி மட்டும்தானா?

சுமையை இறக்கிய முடிவுகள்

சுமையைத் தாங்கப் பிள்ளையைப் பழக்குவது ஒன்று, சுமையையே குறைப்பது மற்றொன்று. இரண்டாவதில் தமிழ்நாட்டுக்கு நல்ல அனுபவம் உண்டு. பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறினால் ஒரு கல்வியாண்டையே இழக்க வேண்டியிருந்தது ஒருகாலத்தில். சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு, தேர்வு முடிவு நாள்களில் தன்னை அழைத்த பிள்ளைகளின் குரல்களிலிருந்து ஒன்றைப் புரிந்துகொண்டது: தோல்வியைவிட, வீணாகப் போகும் ஓராண்டே அவர்களை நசுக்கியது. சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டு கல்லூரியில் சேரும் ஏற்பாட்டை அது வலியுறுத்தியது, அரசும் கொண்டுவந்தது. 2017இல் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரேங்க் பட்டியல் வெளியிடும் வழக்கத்தை மாநில அரசு கைவிட்டது. இவை எதுவும் மனநலத் திட்டம் என்ற பெயரில் வரவில்லை.

தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 18 வயதுக்குட்பட்டோர் இறப்புகளில் தேர்வுத் தோல்வியைவிடக் குடும்பப் பிரச்சினைகளே அதிகம் பதிவாகின்றன. இறுதி நேரத் தூண்டுதல் ஒன்றாக இருக்கும், பின்னணியில் பல இருக்கும். இளையோரின் பல முயற்சிகள் நீண்ட திட்டமிடல் இன்றி, சில நிமிட வேகத்தில் நடப்பவை. அந்தச் சில நிமிடங்களைக் கடத்திவிட்டால் உயிர் பிழைக்கும். இலங்கை 1995 முதல் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்து, தற்கொலை விகிதத்தைச் சுமார் 70 விழுக்காடு குறைத்தது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில் பூட்டி வைக்கும் முறை சோதிக்கப்பட்டது. வயல்வெளி வீடுகளிலும், முதியோருக்கான மாத்திரைகள் குவிந்திருக்கும் நகர வீடுகளிலும் ஒரு பூட்டு செய்யும் வேலை பெரிது.

நேரடியாகக் கேட்பது

வேண்டியவற்றைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, 'நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி' என்பது, நெடுநாள் வாடிய பிள்ளை திடீரென அமைதியாவது ஆகியவை தெரிந்தால் தயங்காமல் கேட்க வேண்டும்: 'செத்துப் போயிடலாம்னு தோணுதா?' கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பெரும்பாலோர் அஞ்சுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஆறு பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கு மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே துயரத்தில் இருந்தவர்களுக்குக் கேள்வியே சற்று ஆறுதலாக இருந்ததாகத் தெரிந்தது. ஆம் என்று பதில் வந்தால், பிள்ளையைத் தனியே விடக் கூடாது. அன்றே மனநல மருத்துவரிடமோ அரசு மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்ல வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். குழந்தைகள் உதவி எண் 1098. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடத் தேவையில்லை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

இனி வரும் நியமனங்கள்

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் குறித்துக் கட்டாய வழிகாட்டுதல்களை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். சிறிய நிறுவனங்கள் வெளி நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைத் தனிக் குழுக்களாகப் பிரிப்பதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். உதவி எண்களை விடுதிகளிலும் வகுப்புகளிலும் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும்.

இதை நிறைவேற்ற எளிதான வழி ஒன்று எல்லா நிர்வாகங்களின் கைக்கும் எட்டும்: ஓர் ஆசிரியரை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பி, சான்றிதழை மாட்டி, அவரே ஆலோசகர் என்று அறிவித்துவிடுவது. செலவில்லை, ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குக் காட்டப் பலகையும் உண்டு. நாளந்தாவில் இரண்டாம் பிரிவுப் பள்ளிகள் செய்தது ஏறக்குறைய இதைத்தான், அங்கே பயன் கிடைக்கவில்லை. எனவே நியமனத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவாகவே இருக்கின்றன. அவருக்கு வேறு பாடவேளை உண்டா? மதிப்பெண்ணிலோ ஒழுங்கு நடவடிக்கையிலோ அவருக்குப் பங்கு உண்டா? பிள்ளை பேசியதைத் தலைமையாசிரியர் கேட்டால் அவர் சொல்லியாக வேண்டுமா? கதவு சாத்தக்கூடிய ஓர் அறை அவருக்கு இருக்கிறதா? அவரால் கையாள முடியாத பிள்ளையை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் சேர்க்க வழி உண்டா? மனநல மருத்துவர்கள் போதுமான அளவு இல்லாத நாட்டில், பட்டம் பெற்ற உள்ளூர் இளைஞர்களைக் கொண்டே இவ்வளவு செய்யலாம் என்று பீகார் காட்டிவிட்டது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிக் கேட்கும் நாம், இந்த ஐந்து கேள்விகளையும் சேர்த்துக் கேட்கத் தொடங்க வேண்டும்.